கொளு எழுதுவோர் யார்? – நிகழ்படக் கட்டமைப்பின் புள்ளியியல் மாதிரிகளும் தாராவித் திரைப்படங்களும்

முன்னுரை

எண்ணிப் பிரித்தல் தமிழ்த் தொகுப்பு மரபுக்குப் புதியதன்று. அடியளவு கொண்டே அகப்பாடல்கள் மூன்று தொகைகளாயின. 4 முதல் 8 அடி வரையுள்ளவை குறுந்தொகையாகவும், 9 முதல் 12 அடி வரையுள்ளவை நற்றிணையாகவும், 13 முதல் 31 அடி வரையுள்ளவை அகநானூறாகவும் தொகுக்கப்பெற்றன. ஓரிரு விலக்குகள் உண்டெனினும் நெறி இதுவே. அகநானூற்றைத் தொகுத்தவர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். ஒற்றைப்படை எண் பெற்றவை பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். பத்து, இருபது என வருவன நெய்தல். பாடலைப் படியாமலே வரிசை எண்ணைக் கண்டவுடன் திணை இன்னதென்று ஒருவர் கூறிவிடலாம். ஆயினும் அங்கு எண் திணையைத் தரவில்லை. பாடலைப் படித்துத் திணையறிந்த ஒருவர் அதன்பின் எண்ணைத் தந்தார். இந்த முன்பின் முறை சிறிய செய்திபோல் தோன்றினும், இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருளுக்கு இதுவே திறவுகோலாகும்.

நிகழ்படம் இன்று நூலினும் விரைவாகப் பெருகும் பனுவலாகிவிட்டது. மனிதர் அமர்ந்து பார்த்து வகைப்படுத்த இயலாத அளவுக்கு அது பெருகியமையால், கணிப்பொறியே பார்த்துப் பிரித்துப் பெயரிடும் முயற்சி 1990களில் வலுப்பெற்றது. நிகழ்படத்தின் கட்டமைப்பைப் புள்ளியியல் மாதிரியாக வடித்து, அம்மாதிரியின்வழி உள்ளடக்கத்தை அறிதல் அம்முயற்சியின் முதன்மையான நெறிகளுள் ஒன்று. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் பணியாற்றிய நூனோ வாஸ்கொன்செலோஸ், ஆண்ட்ரூ லிப்மன் ஆகியோர் 2000ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்ட ஆய்வுரை இந்நெறியின் அடிப்படைப் பனுவல்களில் ஒன்றாகக் கருதத்தக்கது. அவ்வாய்வுரையின் கருதுகோளை, மும்பைத் தமிழர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட ‘நாயகன்’ (1987), ‘காலா’ (2018) என்னும் இரு திரைப்படங்களுக்கு முன் நிறுத்தி மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது. அப்படங்களின் ஷாட்டுகளை எண்ணி அட்டவணை தருதல் இங்கு நோக்கமன்று. எண்ணத் தொடங்குமுன், எண்ணப்படும் பொருளுக்குப் பெயரிட்டவர் யார் என்பதே இங்கு வினா.

தொல்காப்பியர் காலத்திலேயே புள்ளியியல் இருந்தது என நிறுவுவதும் நோக்கமன்று. அத்தகைய நிறுவல்கள் ஆய்வரங்குகளில் போதிய அளவு நிகழ்ந்துவிட்டன.

ஷாட்டின் ஆயுள்

திரைப்படம் விநாடிக்கு 24 தனிப்படங்களாக ஓடுவது. இரண்டரை மணிநேரப் படமொன்றில் 2,16,000 தனிப்படங்கள் உள்ளன. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நோக்கும் கணிப்பொறிக்குக் கதையும் இல்லை, காட்சியும் இல்லை. ஒரு தனிப்படத்தின் நிறப்பரவலுக்கும் அடுத்த தனிப்படத்தின் நிறப்பரவலுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே அதற்குத் தெரியும். வேறுபாடு ஒரு வரம்பளவைக் கடந்தால் அங்கு ‘கட்’ நிகழ்ந்ததாகக் கொண்டு, இரு கட்டுகளுக்கு இடைப்பட்டதை ஒரு ஷாட் என வரையறுப்பது தொடக்கக்கால முறை. வரம்பளவைத் தாழ்த்தினால் ஓடும் மனிதனும் மின்னலும் கட்டாகத் தோன்றும். உயர்த்தினால் மெய்யான கட்டுகள் நழுவும். படம் முழுமைக்கும் ஒரே வரம்பளவு பொருந்தாது என்பது விரைவில் உணரப்பட்டது.

வாஸ்கொன்செலோசும் லிப்மனும் இவ்விடத்தில் கொண்டுவந்த கருத்து எளியது, ஆழமானது. முந்தைய கட் நிகழ்ந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதையும் கணிப்பொறி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றனர். அம்பர்நாத் இரயில் நிலையத்தில் மும்பை செல்லும் மின்தொடர்வண்டிக்குக் காத்திருக்கும் பயணியை இங்கு எண்ணிப் பார்க்கலாம். வண்டிகள் எந்த ஒழுங்குமின்றித் தற்செயலாக வருவனவாயின், அவர் பத்து நிமிடம் நின்றதனால் அடுத்த நிமிடத்தில் வண்டி வரும் வாய்ப்புச் சிறிதும் கூடுவதில்லை. புள்ளியியலார் இதனை நினைவற்ற பரவல் என்பர். வண்டிகள் ஏறக்குறைய ஓர் ஒழுங்கில் வருவனவாயின், நிற்க நிற்க வாய்ப்புக் கூடிக்கொண்டே செல்லும். ஷாட்டும் இரண்டாம் வகையினதே. ஒரு கட் நிகழ்ந்த அடுத்த நொடிக்கூறிலேயே மற்றொரு கட் வருவது அரிது. நேரம் செல்லச் செல்லப் படத்தொகுப்பாளரின் கை கத்தரியை நோக்கி நகர்கிறது. இந்த இயல்பைக் கணக்கில் வடிக்க அவர்கள் தொலைபேசி அழைப்புகளின் வருகையை ஆராய்ந்த எர்லாங்கின் பெயர் பெற்ற பரவலையும், பொருள்களின் உறுதியையும் ஆயுளையும் அளக்கப் பயன்படும் வைபுல் பரவலையும் கையாண்டனர். விளைவாக வரம்பளவு நிலைத்து நில்லாமல், கட் நிகழ்ந்தவுடன் உயர்ந்தும் பின்னர்ப் படிப்படியாகத் தாழ்ந்தும் இயங்கியது. பிழைகள் குறைந்தன.

இது மெய்யான கண்டுபிடிப்பு. படத்தொகுப்பாளர் கைப்பழக்கமாக அறிந்திருந்த ஒன்றனுக்கு இம்மாதிரி கணித வடிவம் தந்தது. பாரி சால்ட் 1974இலேயே ஷாட் நீளங்களை எண்ணி இயக்குநர்களின் நடையை வேறுபடுத்த முயன்றார். ஜேம்ஸ் கட்டிங் குழுவினர் 2010இல், 1935 முதல் 2005 வரையிலான 150 ஹாலிவுட் படங்களை எடுத்துக்கொண்டு, ஷாட் நீளங்களின் ஏற்ற இறக்கம் மனித கவனத்தின் ஏற்ற இறக்கத்தை நெருங்கி வருவதாகக் காட்டினர். கலையை எண்ணக்கூடாது என்னும் வாதம் இவற்றின் முன் நிற்காது. யாப்பிலக்கணம் கற்றோர் அவ்வாதத்தைச் செய்வதே வியப்புக்குரியது.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. ஷாட்டின் சராசரி நீளத்தையும், ஷாட்டுக்குள் நிகழும் அசைவின் அளவையும் இரு அச்சுகளாக வைத்து அவ்விருவரும் திரைப்பட முன்னோட்டங்களை ஒரு தளத்தில் புள்ளிகளாக இட்டனர். குறுகிய ஷாட்டும் மிகுந்த அசைவும் உடையவை சண்டைப்படங்களாகவும், நீண்ட ஷாட்டும் குறைந்த அசைவும் உடையவை காதல் அல்லது நகைச்சுவைப் படங்களாகவும் தளத்தின் இரு பக்கங்களில் பிரிந்து நின்றன. கட்டமைப்பு உள்ளடக்கத்தைத் தந்துவிட்டதாக இதனின்று கொள்ளப்பட்டது. முன்னோட்டம் என்பது படத்தின் சுருக்கமன்று. படத்தை விற்கும் விளம்பரம். தம்மை எந்த வகையாக விற்க வேண்டும் என்று தயாரிப்பாளர் முடிவு செய்தாரோ அந்த வகையாகவே முன்னோட்டம் வெட்டப்படுகிறது. ஆகவே மாதிரி கண்டறிந்தது படத்தின் பொருளையன்று, விற்பனையாளர் முன்னரே இட்ட பெயரையே எனல் பொருந்தும்.

பாடல்

தமிழ்த் திரைப்படத்துக்கு இம்மாதிரியை எடுத்துவரும்போது முதலில் இடறுவது பாடலே. பாடற்காட்சியின் வெட்டு உரையாடலின் ஓட்டத்தைப் பின்பற்றுவதில்லை, தாளத்தைப் பின்பற்றுகிறது. பல்லவி, இடையிசை, சரணம் என்ற பகுப்புக்கேற்ப ஷாட் நீளம் மாறுகிறது. இடம், உடை, காலம் ஆகியவை ஒரு தாளக்கட்டுக்குள் பலமுறை மாறக்கூடும். ஆகவே ஒரு தமிழ்ப் படத்தின் ஷாட் நீளங்கள் ஒரே பரவலில் அடங்குவனவல்ல. உரையாடல், பாடல், சண்டை என மூன்று பரவல்களேனும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ளன. எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) போன்று பாடலே இல்லாத படமாயின் சிக்கல் குறையும். அத்தகைய படங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மூன்று பரவல்களின் கலவைக்குச் சராசரி கண்டால் கிடைக்கும் எண் மூன்றில் எதனையும் குறிப்பதில்லை.

மறைநிலை மார்க்கோவ் மாதிரிகள் இதற்குத் தீர்வு தரும் என வாதிடலாம். படம் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் தாவுகிறது. நிலைகள் கண்ணுக்குத் தெரியா. அவற்றின் வெளிப்பாடுகளே தெரியும் என்பது அம்மாதிரிகளின் அடிப்படை. கால்பந்தாட்ட ஒளிபரப்பில் ஆட்டத்தையும் இடைநிறுத்தத்தையும் லெக்சிங் ஷியே குழுவினர் இவ்வாறே பிரித்துக் காட்டினர். தமிழ்ப் படத்திலும் பாடலைத் தனி நிலையாக இது பிரித்துவிடக்கூடும். எனினும் ‘நாயகன்’ படத்தில் பாடல் கதையின் இடைநிறுத்தமன்று. தூத்துக்குடியிலிருந்து பம்பாய்க்கு ஓடிவந்த சிறுவன் வேலு நாயக்கராகி, மணந்து, இழந்து, முதுமையடைகிறான். பல்லாண்டுகளை விழுங்கும் இக்கதையில் காலத்தை நகர்த்தும் பணியின் பெரும்பகுதி பாடலிடமும் ஒலித்தடத்தில் மீண்டும் மீண்டும் வரும் மெட்டிடமும் விடப்பட்டுள்ளது. பி. லெனின், வி. டி. விஜயன் ஆகியோரின் படத்தொகுப்பு பாடலைக் கதையின் உள்ளேயே கரைக்கிறது. ஆட்டம், இடைநிறுத்தம் என்ற இருமை கால்பந்துக்குப் பொருந்தும். நாயகனின் பாடல் இரண்டும் அன்று.

இரு வண்ணத்தூவல்கள்

இக்கட்டுரையின் மையமான சான்று இரு காட்சிகள். ‘நாயகன்’ படத்தில் ஹோலிப் பண்டிகைப் பாடல் ஒன்று இடம்பெறுகிறது. தாராவித் தமிழர் குடியிருப்பில் மக்கள் ஒருவர்மேல் ஒருவர் வண்ணம் தூவி ஆடுகின்றனர். வடபுலத்துப் பண்டிகையைத் தம்முடையதாக்கிக்கொண்ட புலம்பெயர் குடியின் மகிழ்ச்சி அது. முப்பத்தோராண்டுகளுக்குப் பின் வந்த பா. இரஞ்சித்தின் ‘காலா’ படத்திலும் இறுதியில் தாராவித் தமிழர் நடுவே வண்ணப்பொடி பறக்கிறது. நிலத்தைக் கைப்பற்ற வந்த ஹரிதாதா மக்கள் நடுவே நிற்க, கருமையும் செம்மையும் நீலமும் திரையை மூடுகின்றன. நாயகன் இறந்தானா இருக்கிறானா என்பதைத் திறந்தவாறே விட்டு, அவனது மக்கள் எதிரியைச் சூழ்கின்றனர்.

இவ்விரு காட்சிகளையும் கணிப்பொறி எவ்வாறு காணும்? இரண்டிலும் மக்கள்திரள், இரண்டிலும் மிகுந்த அசைவு, இரண்டிலும் நிறப்பரவல் நொடிக்கு நொடி மாறுகிறது. பொடி வெடித்துப் பரவும் ஒவ்வொரு கணமும் வெட்டு நிகழாமலே வெட்டாகத் தோன்றக்கூடியது. ஒளிப்படக்கருவியின் மின்வெட்டொளி, தீப்பிழம்பு, வெடிப்பு முதலியன பொய்க்கட்டுகளை உண்டாக்கும் என்பது இத்துறையினர் நன்கறிந்த குறை. பொடிப்புகையும் அவ்வினத்ததே. இரு அச்சுத் தளத்தில் இவ்விரு காட்சிகளும் அண்டை வீடுகளாக அமையும் எனக் கருத இடமுண்டு. ஒன்று விழா, மற்றொன்று கிளர்ச்சி.

முதல், கரு, உரி என்னும் பகுப்பு இங்கு உதவுகிறது. கண்ணுக்குப் புலப்படுவன முதலும் கருவும். உரி என்பது புலப்படுவனவற்றின் கூட்டல் அன்று, மாந்தர்க்கிடையே நிகழ்வது. உரிப்பொருள் அல்லாதன மயங்கலாம் என்று தொல்காப்பியர் இசைவு தருகிறார். ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் வேறொரு நிலத்தில் வந்து தோன்றினால், வந்த நிலத்தின் பொருளையே அவை பெறும் என்றும் கூறுகிறார். வண்ணப்பொடியாகிய கரு ஹோலியிலிருந்து புறப்பட்டுப் போராட்டக்களத்துக்கு வந்தால் அது களத்துக்கு உரியதாகிறது. கறுப்பு, சிவப்பு, நீலம் என்னும் மூன்றும் முறையே திராவிட இயக்கம், பொதுவுடைமை இயக்கம், அம்பேத்கரிய இயக்கம் ஆகியவற்றின் நிறங்கள் என அறிந்த பார்வையாளருக்கு அக்காட்சி ஒரு வாதம். அறியாதவருக்கு அது வண்ணக்கோலம். நிறத்தின் அலகெண் இருவருக்கும் ஒன்றே. வேகமான வெட்டும் மிகுந்த அசைவும் கண்ட இடத்தில் சண்டை என்று பெயரிடும் மாதிரி, கருவைக் கண்டு உரி என்று கொள்கிறது.

‘காலா’ இம்மாதிரிகளை இன்னொரு வகையிலும் சோதிக்கிறது. 1998இல் வாஸ்கொன்செலோசும் லிப்மனும் வெளியிட்ட முந்தைய ஆய்வுரையில், அண்மைக்காட்சி, மக்கள்திரள் முதலியவற்றை அறிய அசைவாற்றல், இழைநயம் ஆகியவற்றோடு தோல்நிறமும் ஓர் உணரியாகக் கொள்ளப்பட்டது. திரையில் தோல்நிறம் எவ்வளவு பரப்பை நிறைக்கிறது என்பதைக் கொண்டு முகம் அண்மையில் உள்ளதா என்பதை ஊகிப்பது முறை. எந்தத் தோலின் நிறம் என்னும் வினா இங்கு எழுகிறது. ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகியோர் 2018இல் மூன்று வணிக முகப் பகுப்பு மென்பொருள்களைச் சோதித்தபோது, வெளிர்நிற ஆடவர் முகத்தில் உச்சப் பிழை 0.8 விழுக்காடாகவும் கருநிறப் பெண்டிர் முகத்தில் அது 34.7 விழுக்காடு வரையும் இருந்தது. கருமையைப் பெயராகவும் உடையாகவும் அறமாகவும் கொண்டு, வெண்மையைத் தூய்மை என்று விற்கும் அதிகாரத்தோடு மோதும் ஒரு தமிழ்ப்படம் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். தற்செயலே எனினும், திறனாய்வாளர் கடந்துவிடக்கூடிய தற்செயல் அன்று.

கொளுவும் கொளு எழுதியவரும்

இனி இயந்திரம் பெயர்களை எங்கிருந்து பெறுகிறது என்பதை நோக்கலாம். புள்ளியியல் மாதிரி தானாகக் காண்பது பிரிவுகளை மட்டுமே. இத்தனை ஷாட்டுகள் ஓரினம், இத்தனை வேறினம் என அது கூறும். அவ்வினத்துக்குப் ‘சண்டை’, ‘காதல்’, ‘குற்றம்’ என்ற பெயர்களை இடுபவர் மனிதர். சில நூறு நிகழ்படங்களை மனிதர் பார்த்து இட்ட பெயர்களைச் சான்றாகக் கொண்டே மாதிரி ஏனைய ஆயிரங்களுக்குப் பெயரிடக் கற்கிறது. இத்துறையினர் அப்பெயர்களை ‘அடிநிலை உண்மை’ என்ற பொருள்படும் தொடரால் வழங்குகின்றனர். தமிழில் அதற்கு நெடுநாளாக ஒரு பெயருண்டு: கொளு. புறநானூற்றுப் பாடல்களின் இறுதியில் திணையும் துறையும் பாடியவரும் பாடப்பட்டவரும் குறிக்கப்பட்டுள்ள அடிக்குறிப்பும் இவ்வினத்ததே. பாடலை எழுதியவர் அதனை எழுதவில்லை. பின்வந்த படிப்பாளி ஒருவர் எழுதினார்.

அக்கொளுக்கள் உண்மையா என்னும் வினா தமிழ் உரைமரபில் எழுந்து, கூர்மையாக விவாதிக்கப்பட்டும் உள்ளது. நச்சினார்க்கினியர் புறத்திணையியல் உரையில், புறநானூற்றுக்குத் துறை வகுத்தோர் பிற்கால நூல்களின் வழியே வகுத்தனர் என்றும், தொகைகளுக்கு இலக்கணம் அகத்தியமும் தொல்காப்பியமுமே ஆதலின் அவற்றின்வழியே துறை கூறுதல் வேண்டும் என்றும் மறுக்கிறார். அவரது மறுப்பு இந்தப் பாடலுக்கு இந்தத் துறை பொருந்தாது என்ற அளவில் நிற்கவில்லை. ஒரு காலத்துப் பனுவலுக்கு மற்றொரு காலத்து வகைப்பாட்டை அணிவிக்கலாமா என்பதே அவர் எழுப்பும் வினா. வாகை எனப் பெயரிட்ட ஒன்றனைத் தும்பை என்று திருத்துவது ஒருவகைக் கருத்து வேற்றுமை. வாகை, தும்பை என்ற பகுப்பே வேறு நூலிலிருந்து வந்தது எனக் காட்டுவது இன்னொருவகை. கணிப்பொறியியலார் முதல்வகை வேற்றுமையை அளக்க நல்ல முறைகள் வைத்துள்ளனர். குறியிட்டோர் இருவர் எத்துணை ஒத்தனர் என்பதை அவர்கள் எண்ணாகத் தருவர். இரண்டாம் வகை அவ்வெண்ணில் சிக்குவதில்லை. ஒரே நூலைக் கற்றுவந்த இருவர் முழுதும் ஒத்துவிட்டால் எண் உயரும். நூல் பொருந்துமா என்ற வினா மறையும்.

ஹாலிவுட் வணிகத்துக்காக வகுக்கப்பட்ட ‘சண்டை’, ‘காதல்’, ‘குற்றம்’ என்னும் வகைமைகள் தாராவித் திரைப்படங்களுக்கு வரும்போது நிகழ்வது இதுவே. ‘நாயகன்’, ‘காலா’ இரண்டும் இவ்வகைப்பாட்டில் குற்றப்படங்கள் என்ற ஒரே அறைக்குள் செல்லும். ஒன்று, சட்டம் கைவிட்ட குடிக்குத் தானே சட்டமான தனிமனிதன் நல்லவனா என்னும் விடையற்ற வினாவோடு முடிவது. மற்றது, நிலம் யாருக்கு உரியது என்ற வினாவைத் தனிமனிதனிடமிருந்து பறித்துக் குடியிடம் ஒப்படைப்பது. முன்னதனைக் கையறுநிலையோடும் பின்னதனை எயில் காக்கும் நொச்சியோடும் ஒப்பிட்டுப் படிக்க இடமுண்டு. அதுவே சரியான கொளு என்பதன்று. குற்றம் என்ற ஒற்றைச் சொல்லைவிட அது விவாதத்துக்கு உரியது என்பதே இங்குக் கருதத்தக்கது.

புள்ளியியல் மாதிரிகளின் காலம் முடிந்தது, 2010களில் நரம்பு வலையமைப்புகள் அவற்றின் இடத்தைக் கைப்பற்றிவிட்டன எனச் சிலர் கூறலாம். கருவி மாறியது உண்மை. கொளுவின் நிலை மேலும் மோசமாயிற்று என்பதும் உண்மை. கூகுள் ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட யூடியூப்-8எம் தொகுப்பில் ஏறத்தாழ 80 இலட்சம் நிகழ்படங்களுக்கு 4,800 வகைக்குறிகள் இடப்பட்டிருந்தன. அக்குறிகளை இட்டதும் இயந்திரமே. இயந்திரம் எழுதிய கொளுவைக் கொண்டு இயந்திரம் பயின்றது. உரையாசிரியர் பெயர் தெரியாத பழைய உரையோடு கூட வாதிட முடியும். எழுதியவரே இல்லாத உரையோடு எவ்வாறு வாதிடுவது?

சட்டகத்துக்கு வெளியே அம்பர்நாத்

இத்தகைய மாதிரிகளின் அடித்தளம் பேயீசின் தேற்றம். கண்முன் உள்ள சான்று மட்டுமன்றி, சான்றைக் காணுமுன் நாம் கொண்டிருந்த எதிர்பார்ப்பும் முடிவைத் தீர்மானிக்கும் என்பது அதன் சாரம். முன் நிகழ்தகவு எனப்படும் இவ்வெதிர்பார்ப்பு பயிற்சிக்குக் கிடைத்த நிகழ்படங்களிலிருந்து உருவாகிறது. மும்பைத் தமிழர் என்ற பொருண்மைக்குப் பயிற்சிச் சான்று தேடினால் தமிழ்த் திரைப்படம் தருவது பெரும்பாலும் தாராவியே. அதுவும் தாராவி அன்று. தோட்டா தரணி ‘நாயகன்’ படத்துக்காக அமைத்த தாராவி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் எழுந்தது. ‘காலா’ படத்தின் தாராவியும் பெரும்பகுதி சென்னை புறநகரின் ஈவிபி படப்பிடிப்பு வளாகத்தில் அமைந்த அரங்கமே. நாயகனின் அரங்கு தேசிய விருது பெற்ற சீரிய கலைப்படைப்பு. அதில் குறைகாண இடமில்லை. ஆனால் மும்பையின் தமிழர் தெரு எப்படி இருக்கும் என்று இயந்திரம் கற்றுக்கொள்ளும் தெரு சென்னையில் தச்சர்கள் கட்டியது என்பதை நிகழ்படத்தின் எந்த அலகெண்ணும் கூறாது.

மும்பைத் தமிழர் வாழ்விடம் தாராவியோடு முடிவதில்லை. மாட்டுங்கா, செம்பூர் ஆகியவை நன்கறியப்பட்டவை. நகர மையத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில், கல்யாணுக்கு அப்பால் உள்ள அம்பர்நாத்திலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. படைக்கலத் தொழிற்சாலையும் பிற ஆலைகளும் உள்ள தொழில் நகரம் அது. 1060ஆம் ஆண்டைச் சார்ந்த சிலாகாரர் காலத்துச் சிவன் கோயில் அதன் பழஞ்சிறப்பு. கருவறைக்குப் படிகளில் கீழிறங்கிச் செல்ல வேண்டும் என்பது தமிழகக் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வியப்பூட்டும். தொழிற்சாலைச் சங்கொலி, குடியிருப்பு, மின்தொடர்வண்டி, மாலையில் திரும்பும் கூட்டம் என்ற வாழ்வில் துப்பாக்கியும் வண்ணப்பொடியும் இல்லை. தாராவியே முன் நிகழ்தகவாக உள்ள மாதிரி, அம்பர்நாத்தின் நிகழ்படத்தைக் கண்டால் அதனை மும்பைத் தமிழர் என்று குறியிடும் வாய்ப்பு குறைவு. அதனினும் தீயது, குறியிட்டுவிட்டுக் குற்றம் என்னும் வகையையும் உடன் சேர்த்துவிடுவது.

அம்பர்நாத் போன்ற ஊர்களின் தமிழர் நிகழ்படம் என்று ஒன்று உண்டா எனக் கேட்கலாம். உண்டு; திரையரங்கில் இல்லை. 1980களின் இறுதியிலிருந்து புலம்பெயர் தமிழ் இல்லங்கள் பலவற்றின் அலமாரிகளில் திருமணம், காதணி விழா, அம்மன் கோயில் ஆடித்திருவிழா ஆகியவற்றின் வீடியோ கேசட்டுகள் சேர்ந்தன. இத்துறையின் மாதிரிகளுக்கு இவை பெரும் சோதனை. தாலி கட்டும் நேரத்தில் ஒரே ஷாட் பல நிமிடம் நீள்கிறது. வைபுல் பரவல் எதிர்பார்க்கும் இடத்தில் கட் வருவதில்லை. படமெடுத்தவர் தொகுக்க அமர்ந்ததும் நிலை தலைகீழாகிறது. இதய வடிவில் ஒரு காட்சி விரிந்து மற்றொன்றை மூடுகிறது. மணமக்களின் முகங்கள் பூவிதழ்களுக்குள் சுழல்கின்றன. திரைப்படப் பாடலொன்று மேலே ஓடுகிறது. கணிப்பொறி இதனைத் திரைப்படப் பாடற்காட்சி என்று குறித்தால் அது முற்றிலும் பிழை எனவும் கூறவியலாது. திருமண வீடியோ திரைப்படப் பாடலாக விரும்பியதே. அவ்விருப்பத்தைப் பிழையாகத் தள்ளாமல், பொருளாகக் கொள்ளும் கொளு எவ்வாறு எழுதப்பட வேண்டும்?

இவ்வினாவைக் கணிப்பொறித் துறையிடம் மட்டும் விட்டுவிட இயலாது. அவர்களிடம் குறியிடும் இடைமுகம் உள்ளது. குறிகளின் பட்டியல் இல்லை. உரையாடல் ஏற்றும் பாடல், காலம் நகர்த்தும் பாடல், விழாவைத் திரைப்படமாக்கும் பாடல் எனப் பாடலின் பணிகளைப் பிரித்தறியும் பட்டியலைத் திணை, துறை கற்றோரே வகுக்க முடியும். நாயகன், காலா போன்ற சில படங்களையேனும் இருவர் தனித்தனியே பார்த்துக் குறியிட்டு, எங்கு முரண்பட்டனர், ஏன் முரண்பட்டனர் என்பதைக் குறியோடு சேர்த்தே பதிவு செய்தல் வேண்டும். முரண்பாட்டை நீக்கிய தொகுப்பை இயந்திரம் எளிதாகக் கற்கும். முரண்பாட்டைத் தக்கவைத்த தொகுப்பே ஆய்வுக்குப் பயன்படும். புறநானூற்றின் சில பாடல்களுக்குத் திணையோ துறையோ கிடைக்கவில்லை. பதிப்பாசிரியர் அவ்விடங்களை வெற்றிடமாகவே விட்டனர் என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

காந்தநாடா என்றும் இருப்பதன்று. பூஞ்சை படிந்தும் காந்தப்பூச்சு உதிர்ந்தும் அழிந்துவரும் அக்கேசட்டுகளை எண்ணிமமாக்கும் குடும்பங்கள் பல. எறிந்துவிடும் குடும்பங்கள் அவற்றினும் பல. எண்ணிமமாகும்போது முதலில் நழுவுவது உறையின் முதுகில் ஒட்டிய தாள். யாருடைய திருமணம், எந்த நாள், எந்த மண்டபம், யார் எடுத்தது என்று மையில் எழுதிய நான்கு வரிகள் அதில் உள்ளன. கோப்பாக மாறியபின் அந்நான்கு வரிகளும் ஒரு வரிசை எண்ணாகிவிடுகின்றன.